பிளாஸ்டிக்கைத் தின்னும் புழு: அரியமங்கலம் குப்பைமேட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்?

தெர்மாகோல் துண்டு ஒன்றைப் புழுக்கள் கூட்டமாகக் கொறித்துத் தின்னும் வீடியோ அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றி வரும். 'குப்பைப் பிரச்சினைக்கு முடிவு வந்தாச்சு' என்று கீழே ஒரு வரியும் இருக்கும். வீடியோ பொய் இல்லை. அந்தப் புழு நிஜமாகவே தின்கிறது. ஆனால் தின்பது வேறு, செரிப்பது வேறு. செரித்தது போக மிச்சம் எங்கே போகிறது என்பது இன்னொரு கேள்வி.

திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. தஞ்சாவூர் சாலையில் போகிறவர்கள் எல்லோருக்கும் அரியமங்கலம் குப்பைமேடு தெரியும். சுமார் 47 ஏக்கர். அரை நூற்றாண்டாக ஊர்க் குப்பை கொட்டப்பட்ட இடம். கோடையில் தீப்பிடித்தால் சுற்றுவட்டாரம் முழுக்கப் புகை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 'பயோமைனிங்' முறையில் அந்த மேட்டைக் கிளறி, சலித்து, மண் தனியாகக் கல் தனியாகப் பிரிக்கும் வேலை நடந்தது. மண் மட்கியிருந்தது. மட்காமல் கிடந்தது பிளாஸ்டிக்தான். சரி, அதைப் புழுவிடம் கொடுத்துவிடலாமா?

தேன்கூட்டில் ஆரம்பித்த கதை

இந்த விஷயம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது 2017-ல். ஸ்பெயினில் வேலை பார்த்த உயிரியல் ஆய்வாளர் ஃபெடரிகா பெர்டோக்கினி பொழுதுபோக்காகத் தேனீ வளர்ப்பவர். தேன் பெட்டிகளைச் சுத்தம் செய்யும்போது அடையைத் துளைத்துக் கெடுத்துக்கொண்டிருந்த புழுக்களைப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தார். கொஞ்ச நேரத்தில் பையெல்லாம் ஓட்டை. புழுக்கள் வெளியே ஊர்ந்துகொண்டிருந்தன.

அவை மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள். அறிவியல் பெயர் கேலரியா மெலோனெல்லா. நம்ம ஊரில் தேனீ வளர்ப்பவர்களுக்கு இது புதுப் பெயர் இல்லை. கூட்டம் பலவீனமான பெட்டியில் புகுந்து அடையையே நூலாம்படையாக்கிவிடும் பூச்சி இது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து பெர்டோக்கினி சோதித்தபோது, சுமார் 100 புழுக்கள் 12 மணி நேரத்தில் 92 மில்லிகிராம் பாலித்தீனைக் குறைத்தன. ஓட்டைகள் 40 நிமிடத்திலேயே தெரிய ஆரம்பித்துவிட்டன.

தேன்மெழுகு தின்னும் புழு ஏன் பாலித்தீனைத் தின்ன வேண்டும்? காரணம் ரசாயனத்தில் இருக்கிறது. தேன்மெழுகில் கார்பனும் ஹைட்ரஜனும் நீளநீளமான சங்கிலிகளாகக் கோத்திருக்கும். பாலித்தீனும் அதே மாதிரிச் சங்கிலிதான், ஆனால் பல மடங்கு நீளம். மெழுகை உடைக்கத் தெரிந்த உடம்புக்கு பாலித்தீன் முற்றிலும் அந்நியம் இல்லை என்பதுதான் ஆய்வாளர்களின் ஊகம்.

இதற்கும் முன்னால் சீனாவில் வேறொரு குழு இதே திசையில் போயிருந்தது. யாங் ஜுன் தலைமையிலான குழு 2014-ல் மாவுப் பைகளில் வரும் ஒரு அந்துப்பூச்சியின் புழுவை எடுத்து, அதன் குடலில் பாலித்தீனைச் சிதைக்கும் இரண்டு பாக்டீரியாக்களைப் பிரித்தது. அந்தப் பூச்சிக்கு ஆங்கிலத்தில் 'இந்தியன் மீல் மோத்' என்று பெயர். நம்ம நாட்டுப் பூச்சி என்று யாரும் காலரைத் தூக்கிவிட வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சோள மாவுக்கு 'இந்தியன் மீல்' என்று பெயர். அந்த மாவில் பிடித்த பூச்சி என்பதால் வந்த பேர் அது.

புழுவா, புழுவுக்குள் இருப்பதா?

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. பிளாஸ்டிக்கைச் செரிப்பது புழுவா, இல்லை புழுவின் குடலில் வாழும் நுண்ணுயிர்களா?

2015-ல் அதே சீனக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து 'மீல்வார்ம்' எனப்படும் வண்டுப் புழுவை வைத்து ஒரு சோதனை செய்தன. செல்லப் பறவைகளுக்கும் மீன்களுக்கும் தீனியாக விற்கிற அதே புழுதான். அதற்குத் தெர்மாகோலை மட்டும் கொடுத்தார்கள். ஒரு மாதம் வரை, தவிடு தின்ற புழுக்கள் எப்படி இருந்தனவோ அப்படியே இவையும் உயிரோடு இருந்தன. 100 புழுக்கள் ஒரு நாளைக்கு 34 முதல் 39 மில்லிகிராம் தெர்மாகோலைத் தின்றன. உள்ளே போன கார்பனில் ஏறக்குறைய 48 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக வெளியே வந்தது. அதாவது வெறுமனே நொறுக்கிப் போடவில்லை, நிஜமாகவே எரித்து ஆற்றல் எடுத்திருக்கிறது.

அடுத்து ஒரு எளிமையான, ஆனால் புத்திசாலித்தனமான சோதனை. புழுவுக்கு ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கொடுத்தார்கள். ஊசியாகவும் சொட்டு மருந்தாகவும் நம்மில் பலருக்குப் போடப்பட்ட அதே மருந்து. குடலில் இருந்த பாக்டீரியாக்கள் அடங்கின. புழு தெர்மாகோலைத் தின்றது, ஆனால் அதை உடைக்கும் வேலை நின்றுபோனது. ஆக, மீல்வார்ம் விஷயத்தில் பல்லும் வயிறும் புழுவுடையது, சமையல் பாக்டீரியாவுடையது.

குடலுக்குள் நடப்பது படிப்படியான வேலை. முதலில் புழு தன் தாடையால் பிளாஸ்டிக்கைப் பொடியாக்குகிறது. துண்டு சிறிதாக ஆக, நுண்ணுயிர் ஒட்டிக்கொள்ள இடம் கூடும். அடுத்து, ஆக்சிஜன் சேர்ந்து சங்கிலியில் அங்கங்கே பிடிமானம் உண்டாகிறது. துருப்பிடித்த இடத்தில் இரும்பு பலவீனமாவது மாதிரி. நொதி எனப்படும் என்சைம்கள் அந்தப் பிடிமானத்தில்தான் சங்கிலியை வெட்ட முடியும். வெட்டி வெட்டிச் சிறிதான துண்டுகள் கொழுப்பு அமிலங்களைப் போல ஆகிவிடுகின்றன. அப்புறம் செல்லுக்கு அது ஒரு சொட்டு எண்ணெய் மாதிரிதான், எரித்து ஆற்றலாக்கிக்கொள்ளும்.

மெழுகுப்புழு விஷயத்தில் கதை வேறு பக்கம் திரும்பியது. 2022-ல் பெர்டோக்கினி குழு, வேலையைச் செய்வது குடல் பாக்டீரியா அல்ல, புழுவின் எச்சில்தான் என்று அறிவித்தது. எச்சிலில் இருந்த இரண்டு நொதிகளுக்கு டெமெட்ரா, செரஸ் என்று பெயரும் வைத்தார்கள். இரண்டும் பழைய கிரேக்க, ரோமானிய விவசாயத் தெய்வங்களின் பெயரை ஒட்டியவை. சாதாரண அறை வெப்பத்தில், சில மணி நேரத்தில் பாலித்தீனில் ஆக்சிஜனை ஏற்றிவிடுகிறது என்பது பெரிய செய்தியாக ஓடியது. ஆனால் 2024-ல் நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதே ஆய்விதழில், அந்த வகை நொதியைத் தாங்கள் திரும்பச் சோதித்தபோது பாலித்தீனை உடைத்ததற்கான ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். 2017 ஆய்வுக்கும் அந்த வருஷமே ஜெர்மனியில் இருந்து இப்படி ஒரு மறுப்பு வந்தது. புழுவை அரைத்துப் பூசியதில் ஒட்டிக்கொண்ட புரதத்தைப் பார்த்துவிட்டு பிளாஸ்டிக் உடைந்ததாக நினைத்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். முதல் செய்தி மட்டும் நம் போனுக்கு வந்து சேர்ந்தது, மறுப்பு வரவில்லை. அறிவியல் செய்திகளுக்கு இது வாடிக்கை.

அப்போ மாடு தின்றால் மட்டும் ஏன் சாகிறது?

நியாயமான கேள்வி. ஸ்ரீரங்கம் வீதிகளில் குப்பைத் தொட்டியை முகர்ந்து பாலித்தீன் கவரோடு சாப்பாட்டை விழுங்கும் மாடுகளைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். மாட்டின் வயிற்றிலும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டு. வைக்கோலையே செரிக்கிற வயிறு அது. ஆனால் 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றில் இருந்து அறுவை சிகிச்சை செய்து எடுக்கப்பட்ட பிளாஸ்டிக்கின் எடை 52 கிலோ. ஒரு கவர்கூடச் செரிக்கவில்லை.

இத்தனைக்கும் 2021-ல் ஆஸ்திரியாவின் வியன்னாவில், மாட்டின் 'ரூமன்' எனப்படும் முதல் வயிற்றுத் திரவம் சில பிளாஸ்டிக்குகளை உடைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். தண்ணீர் பாட்டில் செய்யும் 'பெட்' அதில் ஒன்று. பாட்டிலை உடைக்கிற வயிறு கவரிடம் ஏன் தோற்கிறது?

பூச்சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சரத்தில் அங்கங்கே முடிச்சு இருக்கும், முடிச்சை அவிழ்த்தால் சரம் உதிரும். பெட் பிளாஸ்டிக் அப்படிப்பட்டது. அதன் சங்கிலியில் 'எஸ்டர்' எனப்படும் முடிச்சுகள் உண்டு. தண்ணீரும் சரியான நொதியும் சேர்ந்தால் அவிழும். இலைகளின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சான 'கியூட்டின்' என்பதிலும் இதே முடிச்சுதான். இலை தழை தின்கிற மாட்டுக்கு அந்த முடிச்சை அவிழ்க்கும் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே வயிற்றில் இருக்கின்றன. ஆனால் கேரி பேக் செய்யும் பாலித்தீன் முடிச்சே இல்லாத ஒரே முறுக்குக் கயிறு. கார்பனுக்கு அடுத்து கார்பன், அதற்கடுத்து கார்பன். பிடிக்க இடமே கிடையாது. பிடிமானத்தை உண்டாக்க ஆக்சிஜன் வேண்டும், மாட்டின் முதல் வயிற்றிலோ ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. கவர் அங்கேயே சுருண்டு, வழியை அடைத்து, மாட்டைப் பட்டினியில் கொன்றுவிடுகிறது.

குப்பைமேட்டின் ஆழத்திலும் இதே நிலைமைதான். அடியில் ஆக்சிஜன் கிடையாது, சூடு அதிகம், மீத்தேன் வாயு. மீல்வார்முக்கு வசதியான வெப்பம் 25 முதல் 28 டிகிரி. திருச்சி மே மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஆய்வுகளில் கிடைத்த எண்களை வைத்தே கணக்குப் போடலாம். 100 மீல்வார்ம் ஒரு நாளைக்கு சராசரியாக 36 மில்லிகிராம் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 கிராம் எடையுள்ள ஒரே ஒரு தெர்மாகோல் கப்பைத் தீர்க்க அந்த 100 புழுவுக்கு 55 நாளுக்கு மேல் ஆகும். ஒரு நாளில் ஒரு கிலோ தீர வேண்டுமானால் சுமார் 28 லட்சம் புழு வேண்டும். ஒரு டன்னுக்கு 280 கோடி.

மெழுகுப்புழு கொஞ்சம் வேகம். 5 கிராம் கேரி பேக் ஒன்றை 100 புழுக்கள் அதே வேகத்தில் தின்றால் 27 நாள். கனடாவின் பிராண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் பிரையன் கசோன் 2025-ல் சொன்ன கணக்கும் இதற்குக் கிட்டத்தில்தான் வருகிறது. சுமார் 2,000 புழுக்கள் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் பையை 24 மணி நேரத்தில் முடித்துவிடும் என்கிறார். அவர் கூடவே சொன்ன இன்னொரு விஷயம்தான் முக்கியம். தின்ற பிளாஸ்டிக் புழுவின் உடம்பில் கொழுப்பாகச் சேர்கிறது. ஆனால் பிளாஸ்டிக்கை மட்டுமே தின்றால் சில நாட்களில் எடை குறைந்து செத்துவிடுகிறது. சர்க்கரை மாதிரி வேறு தீனியும் கூடக் கொடுத்தால்தான் ஓட்ட முடியும்.

2022-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 'சூப்பர்வார்ம்' என்கிற பெரிய வண்டுப் புழுவை மூன்று வாரம் வைத்துச் சோதித்தார்கள். தெர்மாகோல் மட்டும் தின்றவை உயிரோடு இருந்தன, எடையும் கொஞ்சம் கூடியது. ஆனால் குடலில் இருந்த நுண்ணுயிர் வகைகள் குறைந்து, நோய் உண்டாக்கும் வகைகள் தலைதூக்கின. பசிக்கு சோறு கிடைக்காமல் வெறும் அப்பளம் தின்று ஓட்டுகிற நிலைமை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல், ஆய்வகத்தில் கொடுப்பது சுத்தமான, ஒரே வகைப் பிளாஸ்டிக். அரியமங்கலத்தில் இருந்து சலித்து எடுத்தது அப்படியா இருக்கும்? மண் ஒட்டிய கவர், ஷாம்பு சாஷே, சிப்ஸ் பாக்கெட், பால் கவர், பைப் துண்டு, செருப்பு. சிப்ஸ் பாக்கெட் ஒன்றிலேயே இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக இருக்கும். பழைய சாம்பார் சோறும் பக்கத்தில் கிடந்தால் புழு எதைத் தேடிப் போகும் என்று யோசிக்கவே வேண்டாம்.

மிச்சம் எங்கே போகிறது?

மீல்வார்ம் சோதனையில் 48 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு ஆனது என்றால், மீதியில் பெரும்பகுதி எச்சமாக வெளியே வந்தது. அதில் பாதி உடைந்த பிளாஸ்டிக் துகள்களும் உண்டு. திறந்த வெளியில் இது நடந்தால் மழைத்தண்ணீரோடு வாய்க்காலுக்கும், வாய்க்காலில் இருந்து ஆற்றுக்கும் போகும். ஆற்றுக்குள் நுண்பிளாஸ்டிக் போனால் என்ன ஆகும் என்பதற்கு காவிரியிலேயே ஆய்வு இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் கிருஷ்ணராஜ சாகர் அணைப் பகுதியில் எடுத்த காவிரித் தண்ணீரில் நுண்பிளாஸ்டிக் இருப்பதைக் காட்டி, அந்தத் தண்ணீரில் வளர்த்த ஜீப்ரா மீன் குஞ்சுகளில் எலும்பு கோணலையும் இதயப் பாதிப்பையும் 2022-ல் பதிவு செய்தார்கள். அம்மா மண்டபத்துக்கு வருவதும் அதே ஆறுதான்.

பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் ரசாயனங்கள் புழுவின் உடம்பில் தங்கிவிடாதா என்ற சந்தேகத்துக்கு ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. தெர்மாகோலில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனத்தை மீல்வார்ம்கள் 24 மணி நேரத்தில் சுமார் 90 சதவீதமும், 48 மணி நேரத்தில் கிட்டத்தட்ட முழுவதும் வெளியேற்றிவிட்டதாக ஸ்டான்ஃபோர்டு குழு 2019-ல் சொன்னது. புழுவுக்கு நல்லது. ஆனால் அந்த ரசாயனம் காணாமல் போகவில்லை, எச்சத்தில்தான் இருக்கிறது.

வீட்டிலோ தோட்டத்திலோ முயற்சி செய்யலாமா?

வேண்டாம். மெழுகு அந்துப்பூச்சியை வளர்த்து வெளியே விட்டால் அது முதலில் தேடிப்போவது பிளாஸ்டிக்கை அல்ல, தேன்கூட்டை. தேனீ வளர்ப்பவர் பெட்டி காலியாகும். வண்டுப் புழுக்கள் என்றால் அரிசி, மாவு, தவிடு, கோழித்தீவனம்.

கோழி என்றதும் பக்கத்து மாவட்டமான நாமக்கல் நினைவுக்கு வரும். கோழிப்பண்ணைக் கழிவில் உலகம் முழுக்கக் காணப்படும் சின்னக் கருவண்டு ஒன்று உண்டு, அறிவியல் பெயர் அல்ஃபிடோபியஸ். வெளிநாடுகளில் பண்ணைச் சுவர்களில் வெப்பம் தடுக்கப் பதித்த தெர்மாகோலை இதன் புழுக்கள் துளைத்து நாசம் செய்வது பண்ணைக்காரர்களுக்குப் பழைய தலைவலி. அதே இனத்தைச் சேர்ந்த ஒரு ஆப்பிரிக்கப் புழு தெர்மாகோலைச் செரிக்கிறது என்று கென்யாவில் உள்ள பூச்சியியல் ஆய்வு மையம் 2024-ல் அறிவித்தது. தவிடும் சேர்த்துக் கொடுத்தபோது புழுக்கள் இன்னும் நன்றாகத் தின்றன. ஆய்வாளருக்குக் கண்டுபிடிப்பு, பண்ணைக்காரருக்கு அதுவே நஷ்டக் கணக்கு.

இன்னொன்றையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். காய்கறிக் கழிவு, மீந்த சோற்றைத் தின்னும் கறுப்பு ஈயின் புழுக்கள் பல இடங்களில் வளர்க்கப்படுகின்றன. அது மட்கும் குப்பைக்கான வழி, நன்றாகவே வேலை செய்கிறது. பிளாஸ்டிக்குக்கு அல்ல.

பிறகு எதற்கு இந்த ஆய்வு?

புழுவை வேலைக்கு வைப்பது ஆய்வாளர்களின் நோக்கமே இல்லை. புழுவிடம் இருந்து நொதியைக் கற்றுக்கொண்டு, புழு இல்லாமல் தொட்டியில் அந்த வேலையைச் செய்வதுதான் இலக்கு. பெட் பாட்டில் விஷயத்தில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2016-ல் ஜப்பானின் சகாய் நகரில், பாட்டில் மறுசுழற்சி நடக்கும் இடத்து மண்ணில் பெட்டைத் தின்னும் பாக்டீரியா ஒன்று கிடைத்தது. 2020-ல் பிரான்ஸின் கார்பியோஸ் நிறுவனம், இலைக் குப்பை உரத்தில் கிடைத்த ஒரு நொதியை மாற்றியமைத்து, 10 மணி நேரத்தில் 90 சதவீத பெட் பிளாஸ்டிக்கை அதன் மூலப்பொருளாகவே பிரித்துக் காட்டியது. அந்த மூலப்பொருளில் திரும்பப் புது பாட்டில் செய்யலாம். முடிச்சுள்ள பூச்சரம் என்பதால் இது சாத்தியமானது. முடிச்சில்லாத பாலித்தீனுக்கும் தெர்மாகோலுக்கும் அப்படி ஒரு நொதி தொழிற்சாலை அளவுக்கு இன்னும் வரவில்லை. புழுக்களின் குடலைக் குடைந்துகொண்டிருப்பது அதற்காகத்தான்.

அதுவரைக்கும் பாலித்தீனுக்கு நடைமுறையில் இருப்பது பழைய வழிகள்தான். தரம் பிரித்தது மறுசுழற்சிக்கு, ஒன்றுக்கும் ஆகாதது சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக, கொஞ்சம் தார்ச்சாலைக்கு. சாலையில் பிளாஸ்டிக் கலக்கும் முறையை உருவாக்கியவர் மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். அதற்காக 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். மூன்று வழிக்கும் பிளாஸ்டிக் தனியாகவும் ஓரளவு சுத்தமாகவும் வர வேண்டும். நாளை நொதித் தொட்டி வந்தாலும் இதே நிபந்தனைதான்.

தமிழ்நாட்டில் கேரி பேக், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் கப், உறிஞ்சு குழல் உள்ளிட்ட 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் தனித் தடையும் வந்தது. ஆனால் ஆடிப்பெருக்கு அன்று காவிரிக்கரையில் ஒரு நடை நடந்தால், வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் ரங்கா ரங்கா கோபுரத்தைச் சுற்றி வந்தால், தடைப் பட்டியலில் உள்ளவை காலில் மிதிபடும். வாழை இலைக்குப் பஞ்சமே இல்லாத மாவட்டத்தில் சாம்பாரும் சட்னியும் கவரில்தான் பார்சலாகின்றன.

வீட்டு வாசலில் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர்கள் மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று தனித்தனியாகக் கேட்பது இதற்காகத்தான். மீந்த குழம்போடு சேர்த்துக் கட்டிப்போட்ட கவர் மறுசுழற்சிக்கும் ஆகாது, உரத்துக்கும் ஆகாது. கழுவி, காயவைத்து, தனிப் பையில் போட்டால் அதற்கு ஒரு விலையாவது உண்டு. கவரின் வாயைக் கட்டி வீதியில் வீசினால் அதை முதலில் பிரிப்பது மாடு.